முதுகுக்காவது காட்டன்

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். போன வாரம் வெயிலில் சுருண்டு விழுந்து இறந்துபோன வாட்ச்மேனின் மனைவி பதினொரு மணிக்கு வருவார். நான் தைத்த யூனிஃபார்மை அவர் கம்பெனிக்குத் திருப்பித் தரவேண்டுமாம்; இங்கே கொண்டு வருகிறார்.

"கம்பெனி குடுத்த பாலியஸ்டரத் தச்ச, அவ்வளவுதான்"னு நேற்றும் அதட்டினீர்கள். அளவெடுத்தபோது வாட்ச்மேன் அண்ணன், "இது வேர்வைய உறிஞ்சாதும்மா, முதுகுக்காவது காட்டன் வெச்சுத் தைக்கிறியா?" என்று கேட்டார். "கம்பெனி ஒத்துக்காதுண்ணா" என்றேன். மெஷினில் உட்கார்ந்தாலே அந்தக் குரல் கேட்கிறது.

தைக்காமல் கிடக்கும் துணியைக் கம்பெனியில் திருப்பிக் கொடுத்து, காட்டன் கேட்க இப்போதே கிளம்புகிறேன். அவர் மனைவியை நேரில் பார்க்கவும் தைரியமில்லை.

பி.கு.: இல்லை, அவரை உட்கார வையுங்கள். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். அண்ணன் கேட்டதை நானே வந்து சொல்கிறேன்.