நீங்க ஏறுங்க

ஜூன் 9, திங்கள்

ஆபீசில் இன்றும் நான் உட்கார்ந்ததைவிட நடந்ததுதான் அதிகம். ரித்விக் கேட்டே விட்டான். "உன்ற சேர்ல முள்ளு கிள்ளு இருக்குதா இனியா?" அவனுக்கென்ன. துடியலூரிலிருந்து பீளமேட்டுக்கு வரப்போகும் ரயிலுக்கு நேர அட்டவணை போடுகிறவன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அசைய மாட்டான்.

எனக்குக் கொடுத்திருப்பது கதவு. டிரைவர் இல்லாத ரயில், தானாக வந்து நிற்கும், கதவு தானாகத் திறந்து தானாக மூடும். எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று நான் சோதித்துச் சொல்ல வேண்டும். அட்டவணையில் இருபது நொடி. அதற்கு மேல் போனால் ஒரு சுற்று முடியத் தாமதமாகும், கூடுதலாக ஒரு ரயில் வாங்க வேண்டிவரும். அதற்கு வழியில்லை என்று எங்கள் சீஃப் சென்னியப்பன் சார் சொல்லிவிட்டார். "ஒரு ஸ்டேஷனத் தூக்கிட்டா நேரம் சரியாப் போயிருமுங்க."

எந்த ஸ்டேஷன் என்று நான் கேட்கவில்லை. மில் கேட். மில் வேலைக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த எங்கள் லைன் வீடுகள் இருக்கிற இடம். அம்மா அங்கிருந்துதான் தினமும் இரண்டு பஸ் மாறி, துடியலூர்ப் பக்கம் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறாள். போன மாதம் மக்கள் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "மில் கேட் ஸ்டேஷன் கண்டிப்பா வருமுங்க, நான் பொறுப்பு" என்று சொன்னது யார்? நான்தான். யார் சொல்லச் சொன்னார்கள்? ஒருத்தரும் இல்லை. வாய் சும்மா இருந்தால்தானே!

ஜூன் 14, சனி

பூட்டிக் கிடந்த ஒரு குடோனில் பிளைவுட்டால் ஒரு ரயில் பெட்டி செய்து வைத்திருக்கிறோம். கதவு மட்டும் நிஜம். இன்று காலேஜ் பசங்களை வைத்து முதல் சோதனை. பதினேழு நொடி! முட்டி மோதி ஏறிவிட்டார்கள். ஒருத்தனுடைய செருப்பு மட்டும் வெளியே நின்றுவிட்டது.

"இதையே எழுதி அனுப்பிரலாம்" என்றான் ரித்விக். நான் விட்டேனா? "காலேஜ் பசங்க மட்டுமா ரயில்ல போகப் போறாங்க? அடுத்த வாரம் எங்க லைன் ஆளுங்களக் கூட்டிட்டு வாரேன்." மில் கேட்காரர்கள் எப்படி டக்கென்று ஏறுகிறார்கள் என்று சார் கண்ணால் பார்க்கட்டும், அப்புறம் அந்த ஸ்டேஷனை எடுக்க மனசு வராது என்று கணக்குப் போட்டேன்.

ஜூன் 21, சனி

போச்சு. எல்லாம் போச்சு.

லைனிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். கல்யாணத்துக்கு வருகிற மாதிரி தலைக்குக் குளித்து, பூ வைத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு. பெருமையாகத்தான் இருந்தது. மணி அடித்தது, கதவு திறந்தது. முன்னால் நின்ற அரங்கசாமி அண்ணன் ஏறவில்லை. ஒதுங்கிக்கொண்டு பக்கத்து வீட்டு நிலோஃபர் அக்காவைப் பார்த்து, "நீங்க ஏறுங்க" என்றார்.

"இல்லீங்ணா, நீங்க ஏறுங்க."

"அட, பொம்பளைங்க மொதல்ல ஏறுங்க."

"பெரியவங்க நீங்க நிக்கறப்ப நாங்க எப்படிங்க?"

பின்னால் நின்ற அத்தனை பேரும் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்கள். ஒருத்தராவது தள்ள வேண்டுமே! கதவு மூடிக்கொண்டது. உள்ளே ஏறியது ஏழு பேர். சென்னியப்பன் சார் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

மறுபடி, மறுபடி, அதே கதை. கடைசித் தடவை கதவு மூடும் நேரத்தைக் கூட்டி வைத்தோம், எல்லோரும் ஏறி முடிக்க நாற்பது நொடிக்கும் மேல். அதற்குக் காரணம் யார்? என்னைப் பெற்ற பொன்னாத்தாள். கதவோரமாக நின்றுகொண்டு பந்திக்கு அனுப்புகிற மாதிரி ஒவ்வொருவரையும், "போங்க கண்ணு, நீங்க போங்க" என்று உள்ளே அனுப்புகிறாள். தான் கடைசியாகக் காலை வைக்கும்போது கதவு முந்தானையைக் கவ்விக்கொண்டது. துணி மெல்லிசு, கதவுக்குத் தெரியவில்லை. அவசர பட்டனை அமுக்கித் திறந்தோம்.

நான் கத்தினேன். "ஏம்மா, ஏறித் தொலைய மாட்டியா? உன்னாலதான் எல்லாம் கெட்டுப்போச்சு!"

குடோன் முழுக்கக் கேட்டது. அம்மா முந்தானையை உருவிக்கொண்டாள். வேனில் ஏறாமல் பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

தோசை தட்டில் வந்தது. பேச்சு வரவில்லை.

ஜூன் 23, திங்கள்

ரித்விக் ரொம்ப நல்லவன் மாதிரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "பசங்க நம்பர மட்டும் குடுத்துரு. மில் கேட் பொழச்சுக்கும், நீ குடுத்த வாக்கும் நிக்கும். ரயில் ஓடறப்ப வேற யாராச்சும் பாத்துக்குவாங்க."

உண்மையை எழுதினால் எங்கள் ஸ்டேஷன் போகும். பொய் எழுதினால் நிற்கும். இது என்ன கொடுமை? பதினேழு என்று அடித்தேன். நன்றாகத்தான் இருந்தது பார்க்க. அப்புறம் அந்த முந்தானை ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்குப் பெட்டி நகரவில்லை. நிஜ ரயில் நகரும். முன்னால் டிரைவர் இல்லை, கண்ணாடியில் பார்த்து நிறுத்த ஆளில்லை. அழித்துவிட்டேன். எழுந்து மாடிப்படியில் ஏறி இறங்கினேன். காபி குடித்தேன். திரும்ப வந்து மறுபடி பதினேழு என்று அடித்தேன். மறுபடி அழித்தேன். அடுத்த திங்கட்கிழமைக்குள் கேட்கிறார்கள்.

ஜூன் 25, புதன்

காலையில் அம்மாவோடு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். கூப்பிடவில்லை, நானாகப் பின்னாலேயே போனேன். சமாதானம் பேசலாம் என்றுதான். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அரங்கசாமி அண்ணனும் இருந்தார். பிரைவேட் பஸ் வந்து நின்றது. ஆரம்பித்துவிட்டார்: "நீங்க ஏறுங்க பொன்னாத்தா." "இல்லீங்ணா, நீங்க…"

படியில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் முஜீப் ஒரே சத்தம்: "ஏறுங்க ஏறுங்க ஏறுங்க! அண்ணா ஏறுங்க, அக்கா உள்ள போங்க, இங்க என்ன விருந்தாட ஒறம்பரைக்கா வந்திருக்கறீங்க? ஏறுங்க!"

அவ்வளவுதான். நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லோரும் உள்ளே. என்னையும் சேர்த்து.

அட! முதலில் ஏறினால் மரியாதை கெட்டவன் ஆகிவிடுவோமே என்றுதான் இவர்கள் தயங்குகிறார்கள். வெளியாள் ஒருத்தன் விரட்டிவிட்டால் அந்தப் பழி அவனோடு போயிற்று. நான் ஏறவில்லை, அவன் ஏறச் சொன்னான்! எங்கள் குடோனில் விரட்ட ஆளில்லை. மணிதான் அடித்தது. மணி சொன்னால் யார் கேட்பார்கள்?

"அம்மா! கெடச்சிருச்சும்மா!" என்று பஸ்ஸிலேயே கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அன்னைக்குக் கத்துனது பத்தலியாக்கு?" என்றாள் அம்மா. நாலு நாளில் முதல் பேச்சு.

"அன்னைக்கு நான் பேசுனது தப்புத்தான்மா. அத்தன பேர் முன்னால அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"போச்சாது போ, உடு. முந்தான கிழிஞ்சு கெடக்குது. ஊட்டுக்குப் போயி அதத் தெச்சு வெய்யி."

தைத்துவிட்டேன். கோணல்மாணலாக வந்திருக்கிறது. பரவாயில்லை, கட்டிக்கொள்வாள்.

ஜூன் 28, சனி

மறு சோதனை. லைன்காரர்கள் மறுபடி வந்தார்கள், அம்மாவும். ஆள் எதற்கு, ஒரு குரல் போதும் என்று ரித்விக் கம்ப்யூட்டர் குரலைப் போட்டான். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, தயவுசெய்து விரைவாக ஏறவும்." எங்கள் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை மரியாதையாகக் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் அரங்கசாமி அண்ணன் பக்கத்தில் திரும்பினார். "நீங்க ஏறுங்க." ரித்விக் தலையில் கையை வைத்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அப்புறம் முஜீபை நிறுத்தினேன். லீவு போட்டுவிட்டு வந்திருந்தான், புண்ணியவான். வாயைத் திறந்தான், பத்தொன்பது நொடி. மறுபடி பார்த்தோம், அப்போதும் இருபதைத் தாண்டவில்லை. கடைசியாக ஏறியவர் உள்ளே போனதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கதவை மூடக் கையைக் காட்டினான்.

சென்னியப்பன் சார் முகம் மாறவில்லை. "ஆளில்லாத ரயிலுக்கு ஆளப் போடச் சொல்றீங்களாக்கு?"

"ரயிலுக்கு வேண்டாமுங்க சார். கதவுக்கு வேணும். கூட்ட நேரத்துக்கு மட்டும்."

"கமிட்டில சிரிப்பாங்க அம்மணி."

"சிரிக்கட்டுமுங்க. நீங்க கண்ணால பாத்தீங்கல்ல?"

மூன்று நாள் நடந்ததையும் நடந்தபடியே எழுதி அனுப்பிவிட்டேன். பசங்க பதினேழும் அதில் இருக்கிறது, அம்மாவின் நாற்பதும் இருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

கமிட்டி கூடவில்லை. ஆடி முடியட்டும் என்கிறார்களாம். ஆடி முடிவதற்குள் நான் முடிந்துவிடுவேன்.

ஜூலை 30, புதன்

காற்று ஆளைத் தள்ளுகிறது. மளிகைக்கடை வழியாகப் போவதில்லை, பின்சந்தில் சுற்றிக்கொண்டு வருகிறேன். இன்று அங்கேயும் நிலோஃபர் அக்கா பிடித்துக்கொண்டாள். "ஸ்டேஷன் என்னாச்சு இனியா?" தெரியாது என்றேன். மைக்கில் அவ்வளவு பேசின வாயால் தெரியாது என்று சொல்வது எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது!

ஆகஸ்ட் 21, வியாழன்

சார் போன் பண்ணினார். ஹலோகூடச் சொல்லவில்லை. "மில் கேட் இருக்குதுங்க. நீங்க கேட்ட ஆளும் இருக்குது. யாரும் சிரிக்கல." வைத்துவிட்டார். நான் அழுதேன். எதற்கு அழுதேன்?

செப்டம்பர் 5, வெள்ளி

மில் கேட்டில் மண் பார்க்கிற வண்டி வந்து குழி போட ஆரம்பித்துவிட்டது. லைனே அங்கே திரண்டு நின்றது. அரங்கசாமி அண்ணன், "எப்பங்க அம்மணி ரயில் வரும்?" என்றார். "அஞ்சாறு வருசம் ஆகுமுங்ணா" என்றேன். அம்மா விரல் விட்டு எண்ணினாள். அதற்குள் அவள் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ரிட்டயர் ஆகிவிடுவாள். அது எனக்கு முன்பே தெரியும், சொல்லத்தான் தைரியம் இல்லை.

அவள் முகம் வாடவில்லை. என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், "ஏன் கண்ணு, அந்த ஏறுங்க ஏறுங்கன்னு சொல்ற வேல… அதப் பொம்பளைங்களுக்கும் குடுப்பாங்களா?" என்றாள்.

"உனக்கு அதெல்லாம் வராதும்மா. எங்க, சொல்லு பாக்கலாம்."

"ஏறுங்க" என்றாள், வீட்டுக்கு வந்தவர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில்.

"இப்படிச் சொன்னா எவன் ஏறுவான்? கத்தும்மா!"

குழியைச் சுற்றி, "நீங்க பாருங்க", "இல்லீங்க, நீங்க பாருங்க" என்று ஒருவருக்கொருவர் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தரும் எட்டிப் பார்த்தபாடில்லை. அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். நான் கோணலாகத் தைத்த அதே முந்தானை.

"பாருங்க பாருங்க பாருங்க! அண்ணா பாத்துட்டு நகருங்க, நிலோஃபரு முன்னால போ, இங்க என்ன ஒறம்பரைக்கா வந்திருக்கறீங்க?"

எல்லோரும் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். நானும் நகர்ந்தேன்.