லைட் போஸ்ட்டுக்குப் போட்ட மாலை

அன்பு மகள் ஹம்சிகாவுக்கு அம்மா கமலாட்சி எழுதுவது. இந்த விடாத மழையிலும் இங்கே எல்லாரும் சுகமாகத்தான் இருக்கிறோம், மெல்பர்னில் நீயும் மாப்பிள்ளை நிதுஷனும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாயிருக்க முத்துமாரி அம்மனைத் தினமும் கும்பிடுகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கென்று யோசிப்பாய். தம்பியான உன் அப்பா போன துக்கத்தில் இங்கேயே வந்து தங்கிவிட்ட உன் பெரியப்பா போனை ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், பெரியம்மா பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துவிடுகிறாள், அதனால்தான் இதைக் கிருஷாந்தினி டீச்சரிடம் கொடுத்து ரத்தோட்டையில் தபாலில் சேர்க்கச் சொல்லப் போகிறேன்.

எல்லாம் நீ அனுப்பிய கெமராவால் வந்த கரைச்சல். அப்பா தவறிய பிறகு என்னை முற்றம் தாண்ட விடுகிறார்களா, விறாந்தையில் நின்றால் எதிரே அதே ரிவர்ஸ்டன் மலை, அதே தேயிலை, அதே வளைவு ரோடு. தெளிவாக எடுத்து எடுத்து எனக்கே அலுத்துப்போனது. ஒரு நாள் பனிமூட்டம் இறங்கும் நேரம், நீ சொல்லிக்கொடுத்தபடி ஷட்டரை மெதுவாக்கி, அமத்தும்போதே கெமராவைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி மெல்ல இழுத்தேன். மலை கரைந்து பச்சையும் நீலமும் ஒன்றுக்குள் ஒன்று ஓடி, யாரோ தூரிகையால் தீட்டிய படமாக வந்தது. அடைந்து கிடந்த எனக்கு அன்றைக்குத்தான் மூச்சு வந்தது.

அதோடு சும்மா இருந்திருக்கலாம், சந்தோஷத்தில் பெரியம்மாவிடம் காட்டித் தொலைத்தேன். ரோட்டு வளைவில் நிற்கும் லைட் போஸ்ட் அந்தப் படத்தில் கறுப்பாக நீண்டு மேலே கொஞ்சம் விரிந்திருந்தது. 'ஐயோ, நம்ம கொழுந்தனாரு குடையோட ஏறி வாராரு, பாருங்க' என்று அவள் கத்திவிட்டாள். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துத் தேம்பி அழுதார். நான் வாயெடுப்பதற்குள் தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் ஆட்கள் எல்லாம் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மறுநாளே மாத்தளையில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பிரேம் அடித்து, மாலையும் போட்டாயிற்று. இப்போது தினமும் லைட் போஸ்ட்டுக்குச் சாம்பிராணி காட்டுவது உன் அம்மாதான், சிரிக்காதே.

உன் பிரசவத்துக்கு நான் வர விசாவும் கிடைத்து, பெரியப்பாவும் முதலில் சரி என்றவர்தானே. இப்போது 'அவன் ஒன்னையத் தேடி வூட்டுக்கு வாரான், நீ எங்கம்மா போற' என்கிறார். அது போஸ்ட் என்று சொன்னால் அந்த மனிதரின் அழுகையை நான் கேலி செய்த மாதிரி ஆகும், சொல்லாவிட்டால் அங்கே நீ தனியாகக் கிடந்து பெறுவாய். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை மகள்.

அதனால் நேற்று ஒரு வேலை செய்தேன். அதே விறாந்தை, அதே போஸ்ட், கெமராவை மட்டும் மறுபக்கம் சாய்த்துக் கீழே இழுத்தேன். இந்தப் படத்தில் அந்தக் கறுப்பு வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரத்தோட்டைப் பக்கம் இறங்கிப் போகிறது. நாளைக்குக் காட்டி, 'அவரு மகள்கிட்ட முன்னால போறாரு, நானும் போகணும்' என்று சொல்லப் போகிறேன். நம்புவார்கள் என்றுதான் நினைக்கிறேன், நம்பாவிட்டால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. உயிரோடு இருந்தபோது உன் அப்பா என்னை ரத்தோட்டைச் சந்தைக்குக்கூடத் தனியாக விட்டதில்லை. இப்போதும் அவர் முன்னால் நடந்தால்தான் எனக்கு வழி. நேற்று அந்தப் படத்தை எடுத்துவிட்டு நான் அழுததும் அதை நினைத்துத்தான், அவர் இல்லையே என்று அல்ல.

டொக்டர் தந்த குளிசைகளை நேரத்துக்குப் போடு, குளிரில் வெறுங்காலோடு திரியாதே, மாப்பிள்ளையிடம் சண்டை பிடிக்காதே. தாய் வேறு பிள்ளை வேறாக நல்லபடி பிரிந்து நீ நூறு வருஷம் வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வரும் வெள்ளிக்கிழமை போன் எடுக்கும்போது அப்பா கனவில் வந்தாரா என்று பெரியம்மா கேட்பாள். வந்தார் என்று சொல்லிவிடு.

உன்னிடம் வந்து சேர ஏங்கும்
அம்மா
கமலாட்சி