இடது கைத் துப்பாக்கி

அன்புள்ள மாரென் அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் அப்பாவும் நானும் மாடுகளும்தான். நீ நலமாக இருக்கிறாய் என்று உன் கடிதத்திலிருந்து தெரிந்துகொண்டேன். அதை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அப்பா அங்கே கை வைக்கமாட்டார். தொலைபேசியில் நீ கேட்டதற்கெல்லாம் நான் "ம், ம்" என்று மட்டும் சொன்னேன் என்று கோபித்துக்கொள்ளாதே. தொலைபேசி அப்பாவின் நாற்காலிக்கு நேர் மேலே சுவரில் இருக்கிறது என்பது உனக்குத் தெரியாதா என்ன.

செப்டம்பரில் மிசூலாவுக்கு வந்து உன் அறையிலேயே தங்கி, மாலை வகுப்பில் சேர்ந்து, விட்ட படிப்பை முடிக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் மாட்டுத் தீவனத்துக்குப் போட்ட குதிரைமசால் வயல்தான் கண்ணில் நிற்கிறது. இந்த வருஷம் பயிரைத் தின்னும் தரையணில்கள் போன வருஷத்தைவிட அதிகம். வேலிக்கு அந்தப் பக்கம் முழுக்க வளைகள். ஒரு கிடாரி வளையில் கால் விட்டு எலும்பை முறித்துக்கொண்டது. அப்பாதான் அதைச் சுட்டு முடித்துவைத்தார், பக்கத்தில் போய் நின்று. தூரத்தில் நிற்கும் எதையும் அவரால் இப்போது சுட முடியாது. முள்கம்பி தெறித்து வலது கண் போனதிலிருந்து அந்தப் பக்கம் தொப்பியை இறக்கி விட்டுக்கொள்கிறார். அவ்வளவுதான், அதைப் பற்றிப் பேசமாட்டார். அதனால் வயலுக்கு நான்தான். காலையில் பால், கோழி, அப்புறம் களஞ்சியத்துக்குப் பின்னால் உள்ள பெஞ்சு, துப்பாக்கி, சாயங்காலம் வரை அணில். நான் இல்லாவிட்டால் குளிர்காலத்துக்குத் தீவனம் இருக்காது. தீவனம் இல்லாவிட்டால் மாடு இருக்காது. இதை நீ கோபமாக எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பதிலாக வைத்துக்கொள்.

பழைய துப்பாக்கி தேய்ந்துவிட்டது. நூறு கஜத்துக்கு அப்பால் குண்டு எங்கே போகிறது என்று அதற்கே தெரியவில்லை. சனிக்கிழமை ஒரு கன்றை விற்ற கையோடு அப்பா என்னை ஹார்லனின் துப்பாக்கிக் கடைக்குக் கூட்டிப்போனார். அணிலுக்கும் ஆக வேண்டும், பந்தயத்தில் காகித இலக்குக்கும் ஆக வேண்டும், குறிபார்க்கும் ஸ்கோப்போடு சேர்த்து எழுநூறு டாலருக்கு மேல் ஒரு சென்ட் கிடையாது என்றார். பந்தயம் என்றது எனக்காக. கண்காட்சித் திடலில் நடக்கும் போட்டிக்கு நான் போகவேண்டும் என்பார். அத்தனை பேர் முன்னால் நான் எப்படிப் போவேன், நீயே சொல்.

ஹார்லன் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். மெல்லிய குழல் வேண்டாமாம், நாலு தோட்டாவில் சூடேறிக் குறி அலைந்துவிடுமாம். தடித்த குழல் கனம், ஆனால் நாள் முழுக்கச் சுட்டாலும் அசையாது. தோட்டாவும் சின்னதாக, மலிவாகக் கிடைப்பதாக இருக்க வேண்டும். ஒரு தோட்டாவுக்கு ஒரு அணில் என்று கணக்குப் போட்டால் பெரிய தோட்டா கட்டாது. "துப்பாக்கியில மிச்சம் புடி, ஸ்கோப் கண்ணாடியில மிச்சம் புடிக்காத. கண்ணு தெரியலன்னா எந்தத் துப்பாக்கியும் தடிதான்" என்றார். சொன்ன பிறகுதான் அப்பாவைப் பார்த்தார், காது வரை சிவந்துவிட்டார். அப்பா சிரித்துக்கொண்டே, "ஏன்யா முழிக்கிற? அரைத் தடின்னு வச்சுக்கோ" என்றார்.

எல்லாமே விலை அதிகம். கடைசியில் நல்ல ஸ்கோப்பும் தடித்த குழலும் உள்ள ஒன்று எங்கள் பணத்துக்குள் வந்தது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் பிடித்து இழுக்கும் போல்ட் வலது பக்கம். எனக்கு அதுதான் பிடித்தது. அப்போது பார்த்து கடை அடுப்போரம் நாற்காலியில் வழக்கம்போல் கிடந்த வெர்ன், "அட, அந்தக் கல்யாணமாகாத மாப்பிள்ளையக் காட்டுய்யா! ரெண்டு வருஷமா மூலையில நிக்கிறான்" என்று கத்தினார். ஹார்லன் மூலையிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். யாரோ சொல்லிச் செய்து, வாங்காமல் விட்டுப்போனது. அதே தடித்த குழல், தோளில் வைக்கும் கட்டை அதைவிட நல்லது. போல்ட் மட்டும் இடது பக்கம். வாங்க ஆளில்லாததால் பாதி விலை.

நான் இடது கைக்காரி என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சின்ன வயதிலிருந்து வலது பக்கத்து போல்ட்டை மேலே கையை வளைத்துப் போட்டு இழுத்துத்தான் எனக்குப் பழக்கம். அப்பா அதற்காக என்னை நண்டு என்பாரே. "எடுத்துப் பாரு, நண்டு" என்றார். எடுத்தேன். அக்கா, தோளில் வைத்ததும் போல்ட் தானாக என் கைக்குள் வந்தது. கண்ணை ஸ்கோப்பிலிருந்து எடுக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் எனக்கு வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். என்னால் சொல்ல முடியவில்லை. உனக்குச் சொல்கிறேன். வலது கைத் துப்பாக்கி என்றால் நான் போன பிறகும் வீட்டில் உபயோகப்படும். கூலிக்கு வருகிறவன் யாரானாலும் எடுத்துச் சுடுவான். இடது கைத் துப்பாக்கியை என்னைத் தவிர இந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் தொடுவார்கள்? அதை வாங்கினால் நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன் என்று அர்த்தம். "வலதே போதும்ப்பா, பழகிடுச்சு" என்று மறுபடி சொன்னேன். வெர்ன், "பொண்ணு புதுச் செருப்பு வேணாம், பழசே கடிக்கட்டும்ங்குது!" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "இடதுதான். கட்டிக் குடு ஹார்லன்" என்றார்.

திரும்பி வரும்போது வண்டியில் அது எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. அப்பா சந்தோஷமாக விசிலடித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அளவெடுத்துச் செய்த கூண்டு என்று நினைத்தேன். அவர் மனதில் அது பரிசு. அதனால்தான் கோபப்படவும் முடியவில்லை. நான் வரவில்லை என்று உனக்கு எழுதிவிடலாம் என்றுதான் இன்று உட்கார்ந்தேன். கிடாரிகளை அடைக்கவேண்டும், அப்புறம் எழுதுகிறேன்.

புதன்கிழமை.

இதைத் தபாலில் போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

இன்று காலை கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தபோது களஞ்சியத்துக்குப் பின்னால் வெடிச் சத்தம் கேட்டது. ஓடிப்போனேன். அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கிக் கட்டை இடது தோளில், இடது கன்னம் அதில் அழுந்தியிருந்தது. இடது கையால் போல்ட்டை இழுக்கத் தெரியாமல், பள்ளிக்கூடத்தில் என்னை வலது கையால் எழுதச் சொன்னபோது நான் தடுமாறினேனே, அப்படித் தடுமாறினார். "இழு கழுதை, இழு" என்று தன் கையையே திட்டினார். நான் அவருக்கு வலது பக்கம் நின்றேன். அந்தப் பக்கம் அவருக்குத் தெரியாதே. நான் நின்றதும் தெரியாது, திரும்பிப் போனதும் தெரியாது.

வலது கண் போனவர் இடது தோளில்தான் வைத்துச் சுட முடியும். இது எனக்குத் தோன்றவேயில்லை, அக்கா. கடையில் அவருக்குத் தோன்றியிருக்கிறது, அதனால்தான் இடதே வேண்டும் என்றார்.

காலைச் சாப்பாட்டுக்கு அப்பாவுக்கு முட்டை பொரித்து வைத்தேன். முட்டையைக் கிளறிக்கொண்டே, "இன்னிக்கு வயல் பக்கம் நீ போகாத. நான் பாத்துக்கறேன்" என்றார். சரி என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "மிசூலால குளிரு இங்க மாதிரிதானா? அவகிட்ட கேட்டியா?" என்றார். இல்லை, கேட்கவில்லை என்றேன். "கேளு" என்றார். மாவு டப்பா பக்கம் அவர் பார்க்கவேயில்லை. அதிலிருந்துதான் எனக்குச் சந்தேகம், உன் கடிதத்தைப் படித்துவிட்டாரோ என்று.

அவர் போனபிறகு காகித இலக்கைப் போய்ப் பார்த்தேன். கோழி கொத்தியதுபோல எங்கு பார்த்தாலும் ஓட்டை. சில குண்டுகள் காகிதத்திலேயே படவில்லை. ஓரத்தில் மட்டும் இரண்டு ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. நடுவில் இல்லை, ஆனாலும் சேர்ந்து இருந்தன. அந்தக் காகிதத்தைக் கழற்றி இதோடு வைத்திருக்கிறேன். தொலைத்துவிடாதே.

அவருக்குக் குறி விழாவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. குறி விழுந்தால் மட்டும் எப்படிப் போவேன் என்றும் தெரியவில்லை. வகுப்பில் இன்னும் இடம் இருக்கிறதா என்று ஒருமுறை போய்க் கேள். தொலைபேசியில் சொல்லாதே, எழுது. குளிர் எப்படி என்பதையும் தனித் தாளில் எழுது. அதை அவரிடம் காட்டவேண்டும்.

இதை எழுதும்போதே வயலில் ஒரு வெடி கேட்டது. அப்புறம் வெகுநேரமாக ஒன்றும் கேட்கவில்லை. போல்ட்டை இழுத்துக்கொண்டிருப்பார். அந்த இடது கண்ணுக்கு நீயும் அங்கிருந்து வேண்டிக்கொள்.

உன் அன்புத் தங்கை,
டில்டா