வரலட்சுமி மேல் சந்தேகம்

மகாபலிபுரம்
12-11-1955

அன்புள்ள அம்மாவுக்கு ரெபேக்காள் எழுதுவது. கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இங்கே எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில், ஏழாம் மாதத்திலேயே பிறந்த ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு மூச்சு வாங்கியது. அதன் அத்தை வரலட்சுமி மேல்தான் எனக்குச் சந்தேகம். மடியில் திருநீறு முடிந்து வைத்திருந்தாள். நான் திரும்பிய நேரம் பார்த்து, குழந்தைக்கு அதைப் பூசி முகத்தில் ஊதியிருப்பாள் என்று அவளை வெளியே நிறுத்திவிட்டேன்.

"இன்னா சிஸ்டர், நான் ஒண்ணும் ஊதல. நீ பாத்துகினேதான கீற!" என்று கத்தினாள். நான் நம்பவில்லை.

டாக்டரம்மா எங்கள் எல்லார் தொண்டையிலும் பஞ்சால் தொட்டுப் பரிசோதித்தார். கிருமி என் தொண்டையில்தான் இருந்தது. முகத்துணியை இறக்கிவிட்டு, நீங்கள் பழக்கியபடி வாய்விட்டு, தினமும் குழந்தையின் முகத்தருகே ஜெபித்தவள் நான்.

குழந்தைக்கு இப்போது தேவலை. மருந்து முடியும்வரை என்னைத் தனி அறையில் வைத்திருக்கிறார்கள், பயப்படாதீர்கள். நம்மூர்க் கருப்பட்டி கொஞ்சமும், நீங்கள் உடுத்திய பழைய சேலை ஒன்றும் அனுப்புங்கள். தபாலுக்கு ஆள் வந்துவிட்டான், முடிக்கிறேன்.

வரலட்சுமி தினமும் என் ஜன்னலில் கஞ்சி வைத்து, "துன்னுக்கோ சிஸ்டர்" என்கிறாள். அவளுக்குத் தெரிந்திருக்குமோ, அம்மா?

ரெபேக்காள்