செசிலியின் சுவரில் மலை ரயில்

சேசு மரி சூசை துணை

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
20-8-1961, ஞாயிறு

அன்பு மிகுந்த என் வீட்டுக்காரருக்கு உங்கள் இன்னாசி எழுதிக்கொள்வது. இங்கே நானும் பிள்ளை செசிலியும் சுகம். உங்கள் சுகத்தைப் பற்றி நீங்கள் அனுப்புகிற கார்டுகளில் ஒரு வரிகூட இருப்பதில்லை. அதனால் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

கவரில் கடிதம் வந்திருக்கிறதே என்று பயந்துவிட வேண்டாம். கெட்ட செய்தி எதுவும் இல்லை. தபால்காரர் மொக்கைச்சாமி அண்ணன் நம் தெருவுக்குள் நுழையும்போதே, "செசிலிப் பாப்பா, இன்னைக்குக் கல்லாத்துப் பாலம் வந்திருக்கு!" என்று சத்தம் போட்டுக்கொண்டுதான் வருகிறார். நீங்கள் எழுதுவதைத் தெருவே படித்த பிறகுதான் நான் படிக்கிறேன். இந்தக் கடிதம் அப்படிப் போகக்கூடாது என்று மூடி ஒட்டுகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. பின்பக்கத்து ஓடு மாற்றியாகிவிட்டது. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது, சிறுமலைப் பக்கம் மேகம் கட்டுகிறது, ஆனால் இங்கே ஒரு துளி விழவில்லை. எனக்குத் தையல் வேலை குறைவில்லாமல் வருகிறது. மாதா திருநாளுக்காக நம் தெருவிலேயே ஒன்பது பாவாடை தைக்கக் கொடுத்திருக்கிறார்கள்.

நீங்கள் ஜனவரியில் வந்துவிட்டுப் போன பிறகு இதுவரை இருபத்து மூன்று படக் கார்டுகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் செசிலி கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் மைதாப் பசை வைத்து ஒட்டியிருக்கிறோம். கல்லாறு, ஆடர்லி, ரன்னிமேடு, கேத்தி என்று உங்கள் மலை ரயில் நிற்கிற ஊர்களை வரிசையாகச் சொல்லுவாள். வெள்ளைக்காரன் காலத்துப் பழைய கார்டுகளைக் குன்னூர் ஸ்டுடியோவில் தேடி வாங்கி அனுப்பினீர்களே, தொப்பி போட்ட துரைசானிகள் வண்டிக்கு முன்னால் நிற்கிற படங்கள், அவற்றைப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்துல மலை காப்பிக் கலர்லயாம்மா இருந்துச்சு?" என்று கேட்டாள். உங்களிடம் கேட்டு எழுதச் சொன்னாள்.

பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவி அக்கா ஒரு நாள் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, இதைத் தலைகீழாக அச்சடித்துவிட்டார்கள், எஞ்சின் எங்கேயாவது வண்டிக்குப் பின்னால் இருக்குமா என்று சாதித்தார்கள். செசிலி விடவில்லை. "மலை ஏறும்போது எஞ்சின் பின்னால இருந்து தள்ளும் பெரியம்மா. ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால பிரேக் பிடிக்க ஒரு ஆள் நிப்பாரு. எங்க அப்பா ரெண்டாவது பெட்டி" என்று விளக்கினாள். டிசம்பரில் நீங்கள் அவளைக் கூட்டிப்போனபோது சொன்னது ஒன்றையும் அவள் மறக்கவில்லை.

அந்த டிசம்பரைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதற்கு முன் இன்னொன்று எழுதிவிடுகிறேன்.

ஜூன் மாதம் மதுரை ஆஸ்பத்திரியில் செசிலியின் இடது காலுக்கு அளவெடுத்து, இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் கொடுத்தார்கள். போட்டால் கனக்கிறது என்று அழுவாள். எழுந்து நிற்கச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் ஒரு காரியம் செய்தேன். அதுவரை கார்டுகளை அவள் படுத்தபடி பார்க்கும் உயரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தேன். அடுத்து வந்த ஆடர்லி பாலத்துப் படத்தை ஜன்னலுக்குப் பக்கத்தில், என் தோள் உயரத்துக்கு ஒட்டினேன். "ஏம்மா எட்டாத எடத்துல ஒட்டுற?" என்று கோபித்துக்கொண்டாள். பசை காய்ந்துவிட்டது, இனி எடுத்தால் கிழிந்துவிடும் என்று சொல்லிவிட்டேன்.

ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நான் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் இரும்பு தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. திரும்பவில்லை. திரும்பினால் உட்கார்ந்துவிடுவாள் என்று பயம். மிதிப்பதை நிறுத்தினாலும் சந்தேகப்படுவாள் என்று துணியே இல்லாமல் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். விழுந்தாள். மறுபடி சத்தம். மறுபடி விழுந்தாள். செத்த நேரம் கழித்து, "நாலு பெட்டிம்மா" என்று அவள் குரல் மேலேயிருந்து வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, படத்து வண்டியின் பெட்டிகளை எண்ணிக்கொண்டு நின்றிருந்தாள்.

நன்றாக நடக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் பொய் எழுத மாட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நாலைந்து எட்டு வைப்பாள். அந்தக் கால் மற்றக் கால் மாதிரி ஆகாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதேன். இப்போது அழுவதில்லை.

இனி டிசம்பர். கிறிஸ்துமஸ் லீவில் அவளை மலைக்குக் கூட்டிப்போய், வண்டியில் ஏற்றிக் காட்டி, கம்பளித் தொப்பி போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டீர்கள். நீங்கள் வேலைக்குத் திரும்பிய பிறகு, ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியபோது கால் எழும்பவில்லை. தந்தி பார்த்து ஓடி வந்தீர்கள். நீங்கள் வாசலில் காலை வைத்ததும் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது. "பச்சப் புள்ளய அந்தக் குளுருக்குள்ள கொண்டு போயி, காலப் பறிகொடுத்துட்டு வந்து நிக்கிறீகளே" என்று சொன்னேன். அம்புட்டுச் சனத்துக்கும் முன்னால் சொன்னேன். நீங்கள் பிள்ளையின் பாதத்தைச் செத்த நேரம் கையில் வைத்திருந்தீர்கள். போட்ட சோற்றைத் தொடாமல் மத்தியான வண்டிக்குப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு மணியார்டர் வருகிறது, படம் வருகிறது, நீங்கள் வரவில்லை.

போன வாரம் டாக்டரம்மாவிடம் வாய்விட்டுக் கேட்டேன். மலைக் குளிரில்தானே இப்படி ஆனது என்றேன். அந்த அம்மாள் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு, "யாரு சொன்னா? இது இளம்பிள்ளை வாதம். கிருமியால வர்றது. குளிருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. மலையே பாக்காத புள்ளைக அந்த வார்டுல எத்தன படுத்திருக்கு, போய்ப் பாரு" என்றார்கள். போய்ப் பார்த்தேன். அகரத்துக் குழந்தை ஒன்று, நெய்க்காரப்பட்டிக் குழந்தை ஒன்று, மேலூர்ப் பக்கத்து அண்ணன் தம்பி ரெண்டு பேர். ஒன்றுகூட மலை ஏறியதில்லை. அந்தப் பையன்களின் தகப்பனார் ரெண்டு கட்டிலுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தபோது உங்களை நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் செய்ததால் வந்ததில்லை. எட்டு மாதம் அந்தப் பழியை உங்கள் தலையில் ஏற்றி வைத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள். நேரில் சொல்ல வேண்டியது. நேரில் வாய் வராது என்றுதான் எழுதுகிறேன்.

புதன்கிழமை வந்தது கார்டு இல்லை, போட்டோ. ஹில்குரோவ் ஸ்டேஷனில் ஸ்டுடியோக்காரர் எடுத்தது என்று பின்னால் எழுதியிருந்தீர்கள். வண்டி முன்னால் கொடியோடு நிற்பது நீங்கள்தான் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சட்டைக் காலருக்குள் கழுத்து இம்புட்டாக மெலிந்துவிட்டது. யார் சமைத்துப் போடுகிறார்கள்? சாப்பிடுகிறீர்களா, இல்லையா? செசிலி போட்டோவை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். சுவரில் ஒட்ட வேண்டாம் என்று தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். சாயங்காலம்தான், "அப்பாவுக்கு எம்மேல கோவமாம்மா? காலு இப்படி ஆயிருச்சுன்னுதானா?" என்று கேட்டாள்.

அதற்கு மேல் நான் காத்திருக்க முடியாது. உங்களுக்கு லீவு கிடைக்கிறதா, மனசு வருகிறதா என்று கேட்கப் போவதில்லை. நாங்கள் வருகிறோம். செப்டம்பர் நான்காம் தேதி திங்கட்கிழமை இங்கே ஏறி, பழனி, பொள்ளாச்சி வழியாகக் கோயம்புத்தூர் போய், என் சித்தி வீட்டில் தங்குகிறோம். மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை வண்டியில் மேட்டுப்பாளையம் வந்துவிடுவோம். ரம்ஜான் பீவி அக்கா கோயம்புத்தூர்வரை துணைக்கு வருகிறார்கள். எஞ்சின் பின்னால்தான் இருக்கிறதா என்று பார்க்காமல் திரும்ப மாட்டேன் என்று இப்போது மேட்டுப்பாளையத்துக்கும் வருவதாகச் சொல்கிறார்கள்.

பிள்ளைக்குக் கம்பளித் தொப்பி எடுத்து வைத்துவிட்டேன். இந்தத் தடவை நானும் உங்கள் பெட்டியிலேயே ஏறுவேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாங்கள் வரும்போது நீங்கள் பிளாட்பாரத்தில் நில்லுங்கள். அவளைத் தூக்க ஓடி வராதீர்கள். காலைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். அவள் தானாக இறங்குவாள். நேரமாகும். எவ்வளவு நேரமானாலும் கையை நீட்டிக்கொண்டு நில்லுங்கள். வந்து பிடித்துக்கொள்வாள்.

நீங்கள் நிற்கிற ஒவ்வொரு வளைவிலும் மாதா உங்களுக்குத் துணை நிற்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள்
இன்னாசியம்மாள்