கடற்கரையில் தோண்டிய தறிக்குழி

அம்சவேணி, உன் முட்டிவலி எப்படி இருக்குது? எனக்கு ஒண்ணுமில்லை, உடம்பு அசதிதான்.

கிடங்குல ரெண்டு நாள் லீவு. துபாய் கடற்கரையில புதுசா கத்துக்கிறவங்களுக்கு யோகா வகுப்புன்னாங்க, போனேன். டீச்சரம்மா உட்காரச் சொன்னதும், நாம ஒரே தறிக்குழியில பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து நெய்த பழக்கத்துல மணலைத் தோண்டி, குழிக்குள்ள காலை விட்டு உட்கார்ந்துட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க, நானும்தான். கடைசியில கண்ணை மூடிப் படுக்கச் சொன்னாங்க. தூங்கியே போயிட்டேன். எழுந்து பார்த்தா ஒருத்தரும் இல்லை.

இந்தக் கடுதாசியைக் கொண்டுவர்ற வாலாஜாபாத் பாண்டியன் திரும்பும்போது ஒரு போர்வை கொடுத்தனுப்பு. புதுசு வேணாம், நீ போர்த்திக்கிறதே போதும்.

அவர் பெட்டியோட நிக்கிறாரு, முடிச்சுக்கிறேன். அன்னைக்கு மணல்ல இருந்து எழுந்தப்புறம்தான் கவனிச்சேன், குழியில உனக்கும் சேர்த்து இடம் தோண்டியிருக்கேன்.

மாணிக்கவாசகம்