மயிற்கொன்றை வேலி

அக்கா, இன்று அலுமாரியைத் துடைக்கும்போது மயிற்கொன்றை விதைப் பொட்டலம் கையில் அகப்பட்டது. அடுத்த மழைக்கு ஆகும் என்று நீங்கள் காய் உடைத்துத் தந்தவை. அடுப்பில் போடத்தான் எடுத்துப் போனேன். ஏனோ போடவில்லை. ஆனால் இனி ஊன்றவும் மாட்டேன்.

நம் இரண்டு வீட்டுக்கும் அந்த வேலிதான் எல்லை. கெலிஓயாவில் நாங்கள் குடிவந்தபோது மதில் கட்டலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "நமக்குள்ள என்னத்துக்குத் தம்பி மதிலு" என்றீர்கள். அந்த ஒரு பேச்சில் அவர் உங்களுக்குத் தம்பியாகிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம் நின்று சாமிக்குப் பூப்பறித்தபடி ஊர்க்கதையெல்லாம் பேசுவோம். என் மகளின் கல்யாணப் பேச்சுகூட அந்த வேலியோரம்தான் தொடங்கியது.

பெருமழை பெய்தால் சில செடிகள் வேர் அழுகிச் சாகும். விதையைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு முளைக்க வைப்பது நான். எங்கே ஊன்றுவது என்று காட்டுவது நீங்கள். "செத்த எடத்துல வச்சா பிடிக்காது தங்கச்சி. கொஞ்சம் ஒம் பக்கமா தள்ளி ஊனு." நியாயமாகத்தான் பட்டது. தள்ளித் தள்ளி ஊன்றினேன், தண்ணீரும் ஊற்றினேன்.

நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் மகன் முற்றத்தை வெட்டிச் சமப்படுத்தினான். மண்ணுக்குள்ளிருந்து உக்கிப்போன அடிக்கட்டைகள் கிளம்பின. உங்கள் தண்ணீர்த் தாங்கியை ஒட்டி ஒரு வரிசை, அதற்கு இப்பால் ஒன்று, இன்னும் இப்பால் ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் நம் வேலி நின்ற இடம். அவனோ கள்ளமில்லாமல், பெருமையாகவே சொன்னான்: "நான் கார் வாங்கினா நிப்பாட்டணும்னு அம்மா கொஞ்சம் கொஞ்சமா சேத்த எடம் ஆன்ட்டி இது."

கேட்டிருக்கலாமே அக்கா. என் கையாலேயே என் வாசலை நெருக்க வைத்துவிட்டு, என் வீட்டுத் தேத்தண்ணியையும் சிரித்துச் சிரித்துக் குடித்தீர்களே. எனக்கு ஆறவே இல்லை.

செடி நின்றவரை கிளைகளை உரசிக்கொண்டாவது ஆட்டோ வாசலுக்கு வரும். இப்போது அதே இடத்தில் உங்கள் மகன் கட்டிய மதில். வாதம் வந்து கால் விழுந்த என் வீட்டுக்காரரை, உங்கள் தம்பியைக் கண்டி ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கொண்டுபோக, பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து ரோட்டு வரை தூக்குகிறோம். எதிரே ஆள் வந்தால் அவர் கண்ணை மூடிக்கொள்கிறார்.

போன கிழமை அப்படித் தூக்கிப் போகையில் மதிலைத் தடவிப் பார்த்தார். "அக்கா உசுரோட இருந்திருந்தா இதுக்கு விட்டிருக்காது" என்றார்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். கூடப்பிறந்தவர்கள் யாரும் எட்டிப் பார்க்காத மனிதர் அவர். உங்களையும் அவரிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஆமாங்க, விட்டிருக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கதிரையின் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.